பக்கத்தில் நிற்பது எந்த மரம்? கலப்புக் காடும் வறட்சியும்

தெற்கு ஜெர்மனியில் ஒரு பீச் (beech) மரம். அதன் அடிமரத்தில் கைத்துளைக்கருவியைத் திருகி உள்ளே செலுத்தி, பென்சிலை விட மெல்லிய ஒரு குச்சியை உருவி எடுக்கிறார்கள். குச்சியைத் தேய்த்து வழவழப்பாக்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் ஆண்டுக்கு ஒன்றாக வளையங்கள் வரிசையாகத் தெரியும். நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அகலமான வளையம். 1976-க்கும் 2003-க்கும் வந்தால் வளையம் ஒடுங்கிவிடும். இரண்டும் ஐரோப்பாவை வாட்டிய வறட்சி ஆண்டுகள்.

இதே வேலையை இன்னொரு பீச் மரத்திலும் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், இதன் பக்கத்தில் நிற்பது பீச் அல்ல, ஓக். இதிலும் அந்த இரண்டு ஆண்டுகளின் வளையங்கள் சிறுத்துத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அளவுக்கு இல்லை. பழைய அகலத்துக்குத் திரும்புவதும் எளிதாக நடந்திருக்கிறது. ஹான்ஸ் பிரெட்ஷ் என்ற வனவியலாளரும் அவருடைய குழுவினரும் இப்படிப் பல மரங்களின் வளையங்களை ஒப்பிட்டு 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பீச், ஓக், ஸ்ப்ரூஸ் மூன்றையும் பார்த்ததில் கலப்பால் தெளிவாக லாபம் அடைந்தது பீச் மட்டும்தான். ஓக்குக்கும் ஸ்ப்ரூஸுக்கும் தன் இனத்தோடு நின்றாலும் வேற்றினத்தோடு நின்றாலும் ஏறக்குறைய ஒரே அடி.

'பல மரங்கள் கலந்திருந்தால் காடு வறட்சியைத் தாங்கும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதை அடிக்கடி பார்க்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை. எத்தனை இனங்கள் என்று எண்ணுவதை விட, யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. அது ஏன் என்று புரிய, வறட்சி வந்தால் ஒரு மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இழுபடும் தண்ணீர்

மரத்துக்குள் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப் எதுவும் இல்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, அதன் பின்னால் இருக்கும் தண்ணீர் மேலே இழுபடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் இலையிலிருந்து வேர் வரை அறுபடாத ஒரு நீர்க்கயிறு உருவாகிறது. டிக்சன், ஜோலி என்ற இரண்டு ஐரிஷ் விஞ்ஞானிகள் 1894-இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான்.

மண் ஈரமாக இருக்கும்வரை கயிறு தளர்வாக இருக்கும். மண் காயக் காய, மண்துகள்கள் தண்ணீரை விட மறுக்கும். மேலே காற்று இழுக்கும், கீழே மண் பிடிக்கும். கயிறு விறைக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து கயிறு அறுந்துவிடும். அந்தக் குழாய் அதன்பிறகு தண்ணீர் கடத்தாது.

இந்த அறுபடுதலைக் காதால் கேட்டிருக்கிறார்கள். 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் ஆமணக்கு இலைக்காம்பில் நுண்ணிய அதிர்வுகளை உணரும் கருவியைப் பொருத்தி, ஒலிபெருக்கியில் இணைத்தார்கள். இலை வாட வாட 'டிக், டிக்' என்று சத்தம். ஒவ்வொரு டிக்கும் உள்ளே அறுந்துபோன ஒரு நீரிழை. வாடுகிற செடி மௌனமாக வாடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, மரம் இதைத் தடுக்க முடியாதா? முடியும். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள இலைத்துளைகளை மூடிவிட்டால் நீர் வெளியேறுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். துளையை மூடினால் சமையலுக்கு அரிசி வராது. திறந்து வைத்தால் பானைத் தண்ணீர் தீரும். சில மரங்கள் வறட்சியின் முதல் அறிகுறியிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சேமித்த மாவுச்சத்தில் காலம் தள்ளும். சில மரங்கள் துணிச்சலாகத் திறந்தே வைத்து, கயிறு அறுபடும் விளிம்புவரை போகும். முன்னதைச் சிக்கனக்காரர் என்றும் பின்னதைத் துணிச்சல்காரர் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் எல்லா மரங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கின்றன.

சிக்கனம் எப்போதும் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் தென்மேற்கில் பின்யோன் பைனும் ஜூனிப்பரும் கலந்து வளரும் வறண்ட காடுகள் உண்டு. பின்யோன் சிக்கனக்காரர், ஜூனிப்பர் துணிச்சல்காரர். 2002, 2003-இல் கடுமையான வெப்ப வறட்சி வந்தது. நியூ மெக்சிகோவின் வடபகுதியில் விரிவாகக் கண்காணிக்கப்பட்ட ஓர் இடத்தில், மண் 15 மாதங்கள் காய்ந்து கிடந்ததில் பின்யோன் மரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செத்துவிட்டன. ஜூனிப்பர் பெரும்பாலும் பிழைத்தது. துளைகளை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடந்த பைனுக்குப் பிசின் சுரந்து எதிர்க்கத் தெம்பில்லை. பட்டை வண்டுகள் வந்து கதையை முடித்தன. சின்ன வறட்சியில் கைகொடுக்கும் சிக்கனம், நீண்ட வறட்சியில் காலை வாரிவிட்டது.

இதோடு வெப்பமும் சேர்கிறது. காற்றின் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் உயரும்போதும் அது ஏந்திக்கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதாவது, மழைப் பற்றாக்குறை அதே அளவாக இருந்தாலும், சூடான காற்றின் தாகம் அதிகம். ஐம்பது ஆண்டுக்கு முன் வந்த வறட்சியும் இப்போது வரும் வறட்சியும் மழைமானியில் ஒரே எண்ணைக் காட்டலாம். மரத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

அண்டை வீட்டுக்காரர் செய்யும் உதவி

இப்போது பீச்சுக்கு வருவோம். பீச் ஒரு முரட்டுப் போட்டியாளர். அடர்ந்த நிழல் போடும், மண்ணை வேரால் நிரப்பும். ஆகவே ஒரு பீச்சுக்கு வாய்க்கக்கூடிய மோசமான அண்டை வீட்டுக்காரர் இன்னொரு பீச். இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே வாரத்தில், ஒரே அளவில் தண்ணீர் கேட்கும். ஒரே கிணற்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாளி விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

பக்கத்தில் ஓக் வந்தால் நெருக்கடி தளர்கிறது. ஓக்கின் தழைக்கூரை பீச்சை விட மெலிது. அதன் வழியே மழை அதிகமாகக் கீழே இறங்கும். ஓக் பீச்சை விடத் தாமதமாகத் துளிர்விடும். அதன் வேர்கள் ஆழமானவை. ஆழத்து வேர்களால் இன்னொரு விநோதமும் நடக்கிறது. இரவில் இலைத்துளைகள் மூடியபிறகு, அடிமண்ணின் ஈரம் வேர் வழியே மேலேறி, காய்ந்த மேல்மண்ணில் கசியும். மரம் வேண்டுமென்றே செய்யும் தர்மம் அல்ல இது. ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்குத் தண்ணீர் நகர்கிறது, வேர் அதற்குக் குழாயாக இருக்கிறது, அவ்வளவுதான். டாட் டாசன் என்ற ஆய்வாளர் 1993-இல் சர்க்கரை மேப்பிள் மரத்தில் இதைக் காட்டினார். நிலத்தடி நீரில் ஹைட்ரஜனின் கனமான வகை எந்த அளவில் இருக்கிறது என்பது மழைநீரிலிருந்து வேறுபடும். அந்த அடையாளத்தை வைத்துத் தேடியதில், மேப்பிளை ஒட்டி வளர்ந்த சிறு செடிகள் மேப்பிள் இரவில் தூக்கிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. பீச்சுக்கு ஓக் செய்வதில் இதன் பங்கும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

பீச்சும் ஸ்ப்ரூஸும் ஜோடி சேர்ந்தால் கணக்கு வேறு. ஸ்ப்ரூஸ் பசுமை மாறாத ஊசியிலை மரம். பனிக்காலத்திலும் அதன் கிளைகள் மழையையும் பனியையும் பிடித்து, அங்கேயே ஆவியாக விட்டுவிடும். பீச் பனிக்காலத்தில் மொட்டை; வரும் மழை நேராக மண்ணுக்குப் போகும். போதாததற்கு அதன் வழவழப்பான பட்டை மழையைத் தண்டு வழியே வழித்து வேரடியில் கொட்டும். ஸ்ப்ரூஸ் சிக்கனக்காரர் பக்கம் சாய்ந்தது, பீச் அவ்வளவு சிக்கனம் இல்லை. கோடை நடுவில் ஸ்ப்ரூஸ் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்க, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் பீச் குடித்துக்கொண்டிருக்கும்.

முனிக் அருகே கிரான்ட்ஸ்பெர்க் காட்டில் இந்த ஜோடியை வைத்தே ஒரு பெரிய சோதனை நடந்தது. முதிர்ந்த மரங்களுக்கு அடியில், தரைக்கு மேலே, மழை வந்தால் தானாக மூடிக்கொள்ளும் கூரைகளை அமைத்தார்கள். 2014 முதல் 2018 வரை கோடை மழை மண்ணைத் தொடாமல் தடுத்தார்கள். காட்டுக்குள் கூரை போடுவது கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் வறட்சி எப்போது வரும் என்று காத்திருக்காமல், அதை வரவழைத்து, முதல் நாளிலிருந்து அளக்க இதை விட நல்ல வழி இல்லை.

இரண்டும் சேர்ந்து நிற்கும் இடங்களில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் கண்ட இன்னொரு விஷயம்: பீச்சின் வேர்கள் இன்னும் ஆழத்துக்குப் போக, ஸ்ப்ரூஸின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணுக்குத் தள்ளப்படுகின்றன. மேல்மண்தான் முதலில் காயும் மண். ஒருவருக்கு லாபமான அதே கலப்பு மற்றவருக்கு நஷ்டமாகலாம் என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட முடியாது. 'கலப்புக் காடு தாங்குமா?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

தண்ணீரைத் தாண்டிய உதவியும் ஒன்று உண்டு. ஸ்ப்ரூஸைத் தாக்கும் பட்டை வண்டு, ஒரு பலவீனமான மரத்தைக் கண்டதும் வாசனை விட்டுக் கூட்டத்தைக் கூப்பிடும். திடமான மரம் பிசினைச் சுரந்து முதலில் வந்த வண்டுகளை மூழ்கடித்துவிடும். வறட்சியில் தளர்ந்த மரத்தால் அது முடியாது. சூடான கோடையில் வண்டு ஒரே ஆண்டில் மூன்று தலைமுறை வரை பெருகும். மைல்கணக்கில் ஸ்ப்ரூஸ் மட்டுமே நின்றால் அதற்கு அடுத்த மரத்தைத் தேடும் வேலையே இல்லை. நடுவில் பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள் இருந்தால், அவற்றின் வாசனை வண்டைக் குழப்புகிறது. இது தன் மரமில்லை என்று விலகிப் போகிறது.

2018 முதல் 2020 வரை மத்திய ஐரோப்பாவில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். ஸ்ப்ரூஸ் இயல்பாக மலைக்குளிரின் மரம். அதைத் தாழ்நிலங்களில், வரிசை வரிசையாக, தனியாக நட்டு வைத்திருந்தார்கள். சீக்கிரம் வளரும், நேராக வளரும், மரச்சந்தைக்கு ஏற்றது. மூன்று வறண்ட கோடைகள் தொடர்ந்து வந்ததும் வண்டு புகுந்து மலைச்சரிவுகளையே பழுப்பாக்கிவிட்டது. 2018 தொடக்கம் முதல் 2021 ஏப்ரல் வரை ஜெர்மனி மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேர் மரப்போர்வையை இழந்ததாகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அதற்காக ஸ்ப்ரூஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அதே ஆண்டுகளில் பல இடங்களில் பீச்சும் உச்சியிலிருந்து காய்ந்தது.

கலப்பே தொல்லையாகும் இடம்

ஆய்வு முடிவுகளில் கொஞ்சம் சங்கடமான பகுதி இது. 2014-இல் ஷார்லட் க்ரோசியோர் தலைமையிலான குழு ஐரோப்பாவின் ஐந்து வகைக் காடுகளில் ஒரே கேள்வியைக் கேட்டது: இனங்கள் கூடினால் வறட்சியின் அழுத்தம் குறைகிறதா? அதை அளந்த விதம் அழகானது. காற்றில் உள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதம், எடை கூடிய கார்பன்-13. இலைத்துளைகள் திறந்திருக்கும்போது மரம் இந்தக் கனமான கார்பனை ஒதுக்கிவிட்டு லேசானதையே தேர்ந்தெடுக்கும். துளைகள் பாதி மூடியிருந்தால் பொறுக்கியெடுக்க வழியில்லை. உள்ளே மாட்டிக்கொண்டதை எல்லாம் பயன்படுத்தும். பசியில் இருப்பவர் கல் பார்த்துச் சோறு உண்ண முடியாத மாதிரி. ஆக, ஒரு ஆண்டின் வளையத்தில் கார்பன்-13 கூடியிருந்தால், அந்தக் கோடையில் மரம் கதவைச் சாத்தி வைத்திருந்தது என்று அர்த்தம்.

முடிவு? பீச் காடுகளிலும், வெப்பம் விரும்பும் இலையுதிர் காடுகளிலும் கலப்பு உதவியது. மற்ற வகைகளில் தெளிவான உதவி எதுவும் தெரியவில்லை. பின்லாந்தின் குளிர்மண்டலக் காடுகளில் இதே குழு தனியாகச் செய்த ஆய்வில், வறண்ட ஆண்டில் கலப்பு அதிகமான இடங்களில்தான் அழுத்தம் கூடுதலாக இருந்தது.

இதற்கு ஒரு நியாயமான விளக்கம் உண்டு. கலப்புக் காடு பொதுவாக நன்றாக வளரும். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் 2009 முதல் நடப்பட்ட ஒரு மாபெரும் சோதனைத் தோப்பில், எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 16 இனங்கள் கலந்த பாத்திகள் சராசரி ஒற்றை இனப் பாத்தியை விட இரண்டு மடங்குக்கு மேல் கார்பனைச் சேர்த்திருந்தன. மேல்தட்டில் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று, அடியில் ஒன்று என்று வெளிச்சத்தைத் துளிகூட வீணாக்காமல் இலைகள் நிரம்பிவிடும். இலை நிரம்பினால் தண்ணீர்ச் செலவும் நிரம்பும். மழை தவறாத இடத்தில் கவலையில்லை. ஈரம் மட்டாக இருக்கும் இடத்தில், நல்ல ஆண்டில் கொழுத்த காடு கெட்ட ஆண்டில் மற்றவர்களுக்கு முன்பே மண்ணைக் காயவைத்துவிடும். வரவு கூடிய குடும்பத்தில் செலவும் ஏறிவிட்ட பிறகு, திடீரென்று சம்பளம் நின்றுபோன கதை.

எந்த வகைக் கலப்பு உதவுகிறது என்பதற்கு 2018-இல் வில்லியம் ஆண்டரெக் குழுவின் ஆய்வு ஒரு துப்பு கொடுத்தது. காடுகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரங்களில், காட்டுக்கும் காற்றுக்கும் இடையே போய்வரும் நீராவியைத் தொடர்ந்து அளக்கும் கருவிகள் உண்டு. வறட்சியின்போது எந்தக் காடு நிலைகுலையாமல் இருந்தது என்று அந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், இலையின் தடிமனோ மரக்கட்டையின் அடர்த்தியோ வேறுபட்டிருந்தது அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. தண்ணீரைக் கடத்தும் விதம் வேறுபட்டிருந்ததுதான் கணக்கில் வந்தது. ஐந்து இனங்கள் இருந்தும் ஐந்தும் சிக்கனக்காரர்களாக இருந்தால், காடு பார்வைக்குத்தான் கலப்பு.

'தாங்கியது' என்றால் என்ன?

ஆய்வு முடிவுகள் சில நேரம் ஒன்றுக்கொன்று முட்டுவதற்கு இன்னொரு காரணம், 'தாங்கியது' என்ற சொல்லை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வது. ஒரு மரம் வழக்கமாக 2 மில்லிமீட்டர் வளையம் போடுகிறது. வறட்சியில் 1 மில்லிமீட்டர். அடுத்த ஆண்டு 1.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். வறட்சி ஆண்டில் பாதிதான் நின்றது என்பது ஒரு கணக்கு. அடியிலிருந்து 1.8 மடங்கு எழுந்தது என்பது இரண்டாவது. பழைய நிலையில் 90 சதவீதத்துக்குத் திரும்பியது என்பது மூன்றாவது. 2011-இல் ஃப்ரான்சிஸ்கோ யோரெட் குழு இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. ஓர் இனம் முதல் கணக்கில் தோற்று மூன்றாவதில் ஜெயிக்கலாம். 'கலப்புக் காடு வறட்சியைத் தாங்கியது' என்று எங்காவது படித்தால், இந்த மூன்றில் எதை அளந்தார்கள் என்று பார்ப்பது நல்லது.

இந்த மூன்றிலும் அகப்படாத ஒன்றும் இருக்கிறது. பக்கத்து மரத்துக்கு எந்த உதவியும் செய்யாமலேயே கலப்பு காட்டைக் காப்பாற்றலாம். பின்யோன் செத்த இடத்தில் ஜூனிப்பர் அதற்கு ஏதும் செய்துவிடவில்லை. ஆனால் ஜூனிப்பர் இருந்ததால் அந்த நிலம் மொட்டையாகவில்லை. வேர் மண்ணைப் பிடித்திருந்தது, நிழல் இருந்தது. யாச்சி, லோரோ என்ற இருவர் 1999-இல் இதைக் காப்பீட்டுக்கு ஒப்பிட்டார்கள். எந்த வறட்சி யாரைக் கொல்லும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, வெவ்வேறு பலவீனம் உள்ளவர்கள் சேர்ந்திருந்தால் எல்லாரும் ஒரே நாளில் விழ மாட்டார்கள். ஒரு மரத்தின் கண்ணால் பார்த்தால் இதில் ஆறுதல் ஒன்றுமில்லை. காட்டின் கண்ணால் பார்த்தால் நிறைய இருக்கிறது. இந்த இரண்டு பார்வைகளைக் குழப்பிக்கொள்வதுதான், கலப்புக் காடு பற்றிய வாக்குவாதங்களில் பாதிக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

நடும்போது இந்த இரண்டு பார்வைகளும் இரண்டு விதமாக வழிகாட்டுகின்றன. காப்பீடு போதும் என்றால் இங்கே சில ஹெக்டேர் ஸ்ப்ரூஸ், அங்கே சில ஹெக்டேர் பீச் என்று தனித்தனிக் கட்டங்களாக நடலாம். ஒரு கட்டம் போனாலும் மற்றது நிற்கும். பராமரிப்பதும் வெட்டுவதும் சுலபம். வரைபடத்தில் அது கலப்புக் காடு என்றே பதிவாகும். ஆனால் கட்டத்தின் நடுவில் நிற்கும் பீச்சுக்கு நாலாபுறமும் பீச்தான். அதன் வேருக்கு ஓக்கைத் தெரியாது, ஸ்ப்ரூஸையும் தெரியாது. வேரும் நிழலும் வாசனையும் எட்டுகிற தூரத்தில் வேற்றினம் நின்றால்தான் மேலே சொன்ன உதவிகளில் ஏதாவது நடக்கும். ஆனால் அதற்காக நெருக்கமாகக் கலந்து நட்டால், வேகமாக வளரும் இனம் மெதுவாக வளர்வதை முதல் சில ஆண்டுகளிலேயே மூடிக் கொன்றுவிடும் அபாயம் உண்டு. ஆகவே பலர் இடைவழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒரே இனத்தைச் சிறு சிறு கொத்துகளாக நட்டு, ஒவ்வொரு கொத்தின் விளிம்பும் இன்னோர் இனத்தின் கொத்தைத் தொடும்படி விடுகிறார்கள். கொத்து முதிரும்போது அதில் ஓரிரு மரங்களே மிஞ்சும். அவற்றின் பக்கத்தில் அப்போது நிற்பது வேற்றினமாக இருக்கும்.